கூஜாவுக்குள் நான்கு தலைமுறை

“அட்டையில் என் பெயர் வர வேண்டும்” என்று கேட்டேன்.

அதை மட்டும் கேட்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். “சம்பளம் கூட்டிக் கேளு, தப்பில்ல. ரூம்ல மழைத் தண்ணி ஒழுகுதுன்னு சொல்லு, அதுவும் தப்பில்ல. பேரு மட்டும் கேட்டுராத பாகீ. பேரு கேட்டோம்னா, நாம யாருன்னு அவங்களுக்கு ஞாபகம் வந்துரும்.”

அப்பா சொன்னது சரிதான். செயற்குழுவில் அத்தனை பேரும் வடையை வாயருகே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்புறம் கதவருகே காபி கெட்டிலோடு நின்ற அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

தென் கல்கத்தா முத்தமிழ் மன்றம் பெஹாலாவில் இருக்கிறது. ஊர் கொல்கத்தா ஆகிச் சில வருடங்களாகின்றன. பெயர்ப்பலகையை மாற்றுவதா என்று ஆராய ஒரு உபகுழு போட்டிருக்கிறார்கள். உபகுழு தன் பெயரில் இருக்கும் கல்கத்தாவை முதலில் என்ன செய்வது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அந்த மன்றத்தில் என் அப்பா மாணிக்கம் காவலாள். நாற்காலி போடுவது, மைக் வைப்பது, மாலை வாங்கி வருவது, விழா முடிந்ததும் வாடிய மாலையைக் கூட்டித் தள்ளுவது எல்லாம் அவர்தான். கட்டடத்தின் பின்னால் ஒற்றை அறையில் நானும் அவரும் இருந்தோம். எங்கள் வம்சத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அதை மன்றம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. இரங்கல் தீர்மானங்களையும் பிக்னிக் அறிவிப்புகளையும் மன்றத்தின் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“பேரா? எதுக்கு?” என்றார் தலைவர் லக்ஷ்மிநாராயணன். மத்திய அரசில் பெரிய தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அலிப்பூரில் சொந்த ஃப்ளாட்.

“நாவலை எழுதினது நான் சார்.”

“எழுதினது நீதான். யார் இல்லேன்னா? எழுதறதும் ஆசிரியரா இருக்கறதும் ஒண்ணாம்மா? நான் சர்வீஸ்ல போட்ட ஆர்டர் எத்தனை இருக்கும்! ஒண்ணுகூட நான் எழுதினதில்லை. எல்லாம் கிளார்க் எழுதினது. கையெழுத்து யார்து?”

“உங்களது.”

“அவ்வளவுதான். இலக்கியம்னா மட்டும் ரூல் மாறிடுமா?” வடையை ஒரு கடி கடித்தார். “ஆசிரியர்ங்கறது ஒரு பொறுப்பு. நாளைக்கு ஏதாவது பிரச்னை வந்தா யார் பதில் சொல்றது, மாணிக்கம் பொண்ணா? அதனாலதான் ‘ஆசிரியர்: செயற்குழு’ன்னு போடறோம். பழியெல்லாம் நாங்க சுமக்கறோம், நீ நிம்மதியா இரு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான். பேர் விஷயம் அப்புறம் பாக்கலாம். முதல்ல பொருள் தணிக்கை முடியட்டும்.”

பொருள் தணிக்கை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

மன்றத்துக்கு ஐம்பது வயது ஆனது. ஹௌரா பக்கத்தில் இன்னொரு தமிழ் மன்றம் தன் பொன்விழாவுக்கு வண்ணப் படங்கள் போட்ட மலர் கொண்டுவந்திருந்தது. அதைவிடப் பெரிதாக ஏதாவது செய்யாவிட்டால் முகத்தைக் காட்ட முடியாது என்றார்கள். அப்போது இலக்கியச் செயலாளர் பட்டாபிராமன் எழுந்தார். வங்கி அதிகாரி, திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர். விமானத்தில் கிடைத்த ஏதோ ஒரு ஆங்கிலப் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

“நாவல் போடலாம். நாலு தலைமுறை கல்கத்தா தமிழர்கள். நாலையும் கோக்கறதுக்கு வீட்டுல இருக்கற ஒரு சாமான். ஃபாரின்ல இப்பல்லாம் இப்படித்தான். சாமான் கிடைச்சுடுத்துன்னா பாக்கி தானா வந்துடும்.”

“யார் எழுதறது?” என்று கேட்டார் பொருளாளர்.

“அது டீடெயில்” என்றார் பட்டாபிராமன்.

எல்லாரும் அரசாங்கத்திலோ வங்கியிலோ துறைமுகத்திலோ இருந்தவர்கள். எதை வாங்குவதானாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கிப் பழக்கப்பட்டவர்கள். நாவலுக்கும் கேட்டார்கள். எழுத்தாளர் யாரும் அனுப்பவில்லை. ஒரு சாப்பாட்டு காண்ட்ராக்டர் மட்டும் தவறுதலாக, இலைக்கு இவ்வளவு என்று அனுப்பியிருந்தார். அவர் விலை நியாயமாக இருப்பதாகக் குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தார்கள்.

கடைசியில் செயற்குழுவே ஆளுக்கொரு அத்தியாயம் எழுதித் தருவது என்று முடிவானது. வந்தன. ஒன்று ஒருவருடைய பணி ஓய்வு விழாவில் படிக்கப்பட்ட வாழ்த்துப் பத்திரம். ஒன்று காசி யாத்திரை, ரயில் நேரங்களோடு. ஒன்று மாவடு போடும் முறை. இவற்றை அடுக்கி நாவலாக அடித்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். கோபத்தில், எல்லாவற்றையும் ஒரு ஓரமாக வைத்துவிட்டு நானே எழுதினேன்.

எங்கள் வீட்டில் பழைய சாமான் என்று இருந்தது ஒன்றே ஒன்று. கொசுவலை. கொள்ளுத்தாத்தா கிதிர்பூரில் கப்பல் மூட்டை தூக்க வந்தபோது, சீமைக்குத் திரும்பிய ஏதோ ஒரு துரை விட்டுப்போனது. அதில் விழுந்த முதல் கிழிசலைக் கொள்ளுத்தாத்தா தன் வேட்டித் துணியால் ஒட்டுப் போட்டார். அடுத்ததைத் தாத்தா, சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் கொடிக்கு வந்த பச்சைத் துணியால். அதற்கடுத்து அம்மாவின் கல்யாணப் புடவை ஓரம். என் பங்குக்குப் பள்ளிக்கூடப் பாவாடையின் நீலம். துரை விட்டுப்போன நூல் இப்போது அதில் ஒரு சாண் மிச்சமிருந்தால் அதிகம். எங்கள் வீட்டில் எல்லாரும் அதற்குள்தான் பிறந்தார்கள், சண்டை போட்டார்கள், காய்ச்சலில் கிடந்தார்கள். அம்மா செத்ததும் அதற்குள்தான். மஞ்சள் காமாலை. நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். விளக்கை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் நுழைந்து படுத்தபோது, “நாலு மூலையும் சொருகிட்டியா பாகீ?” என்று கேட்டாள். சொருகிட்டேன் என்றேன். காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

நாவலில் அது பன்னிரண்டாம் அத்தியாயம். மற்றதையெல்லாம் பலமுறை அடித்துத் திருத்தி எழுதினேன். அதில் கை வைக்கவில்லை.

எங்கள் வம்சத்தில் யார் பெயரும் ரேஷன் கார்டைத் தவிர வேறெதிலும் அச்சானதில்லை. அதனால்தான் கேட்டேன். கேட்டது பெரிய ஆசை என்று இப்போதும் நினைக்கவில்லை.

நாவல் கோப்பாகிச் சுற்றுக்குப் போனது. திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் சிவப்பு மை. ‘கதாநாயகன் மூட்டை தூக்குகிறான். மூட்டைக்குள் என்ன? ஆதாரம் இணைக்கவும்.’ ‘குழந்தை பிறக்கிறது. முந்தைய பக்கங்களில் இதற்கான ஏற்பாடு காணப்படவில்லை.’ ‘இங்கு மழை தவிர்க்கக்கூடிய செலவு.’ பல இடங்களில் ‘பேசவும்’ என்று மட்டும் இருந்தது. பேசலாம் என்று தலைவரிடம் போனேன்.

“என்ன பேசணும்?” என்றார்.

“நீங்கதான் சார் பேசவும்னு எழுதியிருக்கீங்க.”

“அது சும்மா எழுதறதும்மா. ஃபைல்னா ஏதாவது எழுதணும் இல்லையா? படிச்சேன்னு வேற எப்படித் தெரியும்?”

பொருள் தணிக்கை என்பது இதற்கு அடுத்த படி. கதையில் வரும் பொருளை நேரில் பார்வையிட்டு, அது நாவலைத் தாங்குமா என்று சான்று தர வேண்டுமாம். அலுவலகத்தில் வருடா வருடம் மேஜை நாற்காலிகளை எண்ணிச் சரிபார்ப்பார்களே, அந்தப் பழக்கம்.

துர்கா பூஜை முடிந்து பனி இறங்க ஆரம்பித்திருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா வலையைக் கொண்டுவந்து மன்ற மேடையில் கட்டினார். இரண்டு மூலை மைக் ஸ்டாண்டுகளில், ஒன்று ஜன்னல் கம்பியில், ஒன்று நிறுவனரின் மார்பளவுச் சிலையின் கழுத்தில். உள்ளே விழா ஜமக்காளத்தை விரித்தார்.

தலைவரின் மனைவியும் மகளிர் அணித் தலைவியுமான அனந்தலக்ஷ்மி மாமி வலையைச் சுற்றி வந்தார். மூக்குக்கு நேராகக் கைக்குட்டை.

“பெட்ரூம் சாமானாச்சேடி இது! கல்யாணமாகாத பொண்ணு, இதை வெச்சா நாவல் எழுதுவா? இதுக்குள்ள என்ன நடக்கும்னு படிக்கறவாளுக்குத் தெரியாதா?”

“தூங்குவாங்க மாமி.”

“நாலு தலைமுறையும் தூங்கிண்டேவா இருந்தது?”

பட்டாபிராமனுக்கு வேறு சந்தேகம். “பாதிக்கு மேல ஒட்டா இருக்கே. ஒட்டு மூலப்பொருளைத் தாண்டிடுத்துன்னா அது பழைய பொருளா, புதுப் பொருளா? டிப்ரிஸியேஷன் எப்படிப் போடறது?”

தலைவர், உள்ளே போய்ப் பார்த்தால்தான் தணிக்கை என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினார். வலையைத் தூக்கி உள்ளே நுழைந்து ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அந்த நேரத்தில் மன்றத்துக்குள் கொசு எப்படி இருக்கும் என்பது பெஹாலாவில் இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லாரும் கையையும் காலையும் சொறிந்துகொண்டு நின்றோம். தலைவர் மட்டும் சொறியவில்லை. முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அங்கிருந்தபடியே பேச ஆரம்பித்தார்.

“கல்கத்தா நமக்குச் சோறு போட்ட ஊர். இந்த ஊர்ல கொசு இருக்குன்னு ஒரு தமிழன் எழுதலாமா? பெங்காலி நண்பர்கள் மனசு என்ன பாடுபடும்? இத்தனை வருஷமா இங்க இருக்கேன். கொசு இருக்குன்னு ஒரு ஃபைல்கூட என் டேபிளுக்கு வந்ததில்லை. வராத ஃபைலை நான் எப்படி ஒத்துக்கறது?”

“உள்ள எப்படி இருக்கு?” என்று கேட்டார் பட்டாபிராமன்.

“வரலாமே.”

பட்டாபிராமன் போனார். கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு மாமி போனார். பொருளாளர் போனார். முட்டியை இடித்துக்கொண்டு, ‘கொஞ்சம் தள்ளுங்கோ’ என்று இன்னும் சிலர் போனார்கள். கடைசியில் வலைக்கு வெளியே நின்றது நானும் அப்பாவும்தான். நிறுவனர் சிலை பாரம் தாங்காமல் லேசாகச் சாய்ந்தது.

“ஆகவே” என்றார் தலைவர், நடுவில் உட்கார்ந்து, “கொசுவலை இந்த நாவலுக்குத் தகுதியற்ற பொருள்னு தீர்மானம் கொண்டு வரேன். மாணிக்கம், அந்த மூலை தூக்கிண்டிருக்கு பாரு. ஒண்ணு உள்ள வந்துடுத்து.”

அப்பா குனிந்து மூலையைச் சொருகினார்.

பதிலுக்கு எந்தப் பொருள் என்ற கேள்வி வந்தது. மாமி தொண்டையைச் செருமினார். “எங்காத்துல ஒரு வெள்ளிக் கூஜா இருக்கு. என் மாமனார் இந்த ஊருக்கு மொதமொதல்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்ல வந்தப்போ கையில இருந்தது. நான் சொல்லிக்கறதுக்காகச் சொல்லலை, கல்கத்தா தமிழாளோட கௌரவம்னா அதுதான்.” அந்தக் கூஜாவை நான் அறிவேன். ஒவ்வொரு பிக்னிக்குக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனது அப்பா.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கொசுவலையை நாவலிலிருந்து நீக்கும் அந்தத் தீர்மானத்துக்குக் கொசுவலைக்குள் இருந்தபடியே எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்கிய கைகள் வலையில் பட்டதில் என் பாவாடை ஒட்டு பிரிந்தது.

விலக்கப்பட்ட பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க நடைமுறை இருந்தது. அந்த நடைமுறை முடியும் வரை வலை மன்ற அலமாரியில். அலமாரிச் சாவி பொருளாளரிடம். பொருளாளர் மறுநாள் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்கு ஆபீஸ் தரும் எல்.டி.சி. பயணச் சலுகையில் கிளம்பினார். அங்கிருந்து மைத்துனர் வீடு, அங்கிருந்து யாரோ பேரனுக்கு மொட்டை என்று அவருடைய விடுப்பு நீண்டுகொண்டே போனது.

புது வலை வாங்கலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. “அது வந்துரும். அதுக்குள்ள எதுக்கு இன்னொண்ணு?” என்றார். கொசுவத்திச் சுருள் ஏற்றி வைத்தார். எனக்கு மலேரியா வந்தது.

ரத்தம் எடுத்த பெங்காலி கம்பவுண்டர், “மொஷாரி டாங்காவ் நா கேனோ?” என்று திட்டினார். ஏன் கொசுவலை கட்டுவதில்லை என்று. கமிட்டியிடம் இருக்கிறது என்றேன். கமிட்டி என்றதும் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஊரை அறிந்தவர்.

தலைவர் ஃபோனில் விசாரித்தாராம். “இந்த மலேரியா இங்க வந்ததா இருக்காதே மாணிக்கம். அவ ஊருக்குக் கீருக்குப் போயிருந்தாளோ?”

“அவளுக்கு ஊரே இதுதான் சார்” என்று சொன்னதாக அப்பா சொன்னார்.

நான் ஆஸ்பத்திரியில் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது பட்டாபிராமன் தீர்மானத்தை அமல்படுத்தினார். வங்கியில் கம்ப்யூட்டர் வந்தபோது பயிற்சிக்குப் போய் வந்தவர் அவர். மன்றத்தின் கம்ப்யூட்டரைத் திறந்தார். கொசுவலை என்று வரும் இடத்தில் எல்லாம் வெள்ளிக் கூஜா என்று மாற்றும்படி கட்டளை கொடுத்தார். விகுதிகள் ஒட்டாமல் நின்றதை மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிசெய்தார். அர்த்தத்தைச் சரிசெய்ய அவருக்கு நேரம் இருக்கவில்லை. அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது புத்தகக் கட்டுகள் என் மேஜைமேல் இருந்தன. ‘வெள்ளிக் கூஜா’. ஆசிரியர்: செயற்குழு. பிரித்தேன்.

‘மழைக்காலம் வந்தால் நாங்கள் நால்வரும் சாயங்காலமே வெள்ளிக் கூஜாவுக்குள் நுழைந்துவிடுவோம்.’

‘தாத்தா வெள்ளிக் கூஜாவை உதறிக் கொடியில் காயப் போட்டார்.’

‘வெள்ளிக் கூஜாவில் பெரிய கிழிசல். தாத்தா அதைப் பச்சைத் துணியால் தைத்தார்.’

‘புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளிக் கூஜாவுக்குள் போனதும் மற்றவர்கள் வாசலில் படுத்துக்கொண்டோம்.’ மாமியின் ஆட்சேபம் இதனால் எப்படித் தீர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறக்க வேண்டாம் என்று நினைத்தேன். திறந்தேன். ‘வெள்ளிக் கூஜாவுக்குள்ளிருந்து அம்மா, நாலு மூலையும் சொருகிட்டியா என்று கேட்டாள்.’

பட்டாபிராமனிடம் போனேன். பூரிப்பாக இருந்தார். “ஒரே கமாண்ட்! நீ அடிக்கறதா இருந்தா ஒரு மாசம் ஆயிருக்கும்.”

“படிச்சுப் பாத்தீங்களா சார்?”

“மாத்தினேனே! படிக்காம மாத்த முடியுமா?”

“கூஜாவுக்குள்ள எப்படி சார் நாலு பேரு படுப்பாங்க?”

கொஞ்சம் யோசித்தார். “பெரிய கூஜாவா இருக்கலாம். எல்லாத்தையும் நாமளே சொல்லிடப்படாது. வாசகனுக்கும் கொஞ்சம் வேலை வெக்கணும்.”

“பன்னெண்டாவது அத்தியாயத்தை மட்டும் எடுத்துருங்க. பேருகூட வேணாம் சார்.”

“பைண்டிங் ஆயிடுத்தேம்மா” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்த வருத்தத்தில் எனக்கு ஒரு சாத்துக்குடி கொடுத்தார்.

வெளியீட்டு விழாவில் அப்பா நாற்காலி போட்டார். சிவப்பு வெல்வெட்டின் மேல் கூஜாவை வைத்து அதற்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். செயற்குழுவே ஆசிரியர் என்பதால் செயற்குழு முழுவதற்கும் பொன்னாடை. ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்ளவே வெகுநேரம் ஆனது. மாமி பேசும்போது கண் கலங்கினார். “இத்தனை வருஷமா அந்தக் கூஜா எங்காத்து பீரோலதான் இருக்கு. அதுக்குள்ள இவ்வளவு நடந்திருக்குன்னு எனக்கே இந்த நாவல் வந்தப்புறம்தான் தெரியும்!”

சிறப்பு விருந்தினர் ஒரு வங்காளிப் பேராசிரியர், சக்ரவர்த்தி. தமிழ் தெரியாது. பட்டாபிராமன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ஒரு பக்கச் சுருக்கத்தைப் படித்திருந்தார். மைக்கைப் பிடித்தபோது அவர் குரல் நடுங்கியது. ஒரு வெள்ளிப் பாத்திரத்துக்குள் ஒரு குடும்பம் பிறந்து, மணந்து, மடிகிறது என்ற கற்பனை தன்னை உலுக்கிவிட்டது என்றார். உலகத்தில் இரண்டு மூன்று மொழிகளில்தான் இப்படிப்பட்ட மாயம் நிகழ்ந்திருக்கிறது என்றார். கடைசியில் கைகூப்பிச் சொன்னார்: “எங்களுக்கு இது தோன்றவே இல்லை. எங்கள் வங்காளிக் குடும்பங்களின் கதையெல்லாம் வெறும் கொசுவலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.”

மன்றமே எழுந்து கை தட்டியது. தட்டியதில் கொஞ்சம் கொசுவும் செத்தது.

பொங்கலுக்கு அப்புறம் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை வந்தது. பெருமையாக இருக்கட்டும் என்று பட்டாபிராமன்தான் அதற்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். மதிப்புரையின் தலைப்பு ‘கூஜாவுக்குள் நான்கு தலைமுறை’. பக்கத்தில் கார்ட்டூன்: ஒரு கூஜா, வாயிலிருந்து எட்டிப் பார்க்கும் எட்டுக் கால்கள். இவ்வளவு சிரித்து வெகுநாளாயிற்று என்று எழுதியிருந்தார்கள். மாம்பலத்திலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் ஃபோன் பண்ணி, கூஜாவில் இடம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். ஹௌரா பக்கத்து மன்றம் மொத்தமாகப் பிரதிகள் கேட்டுக் கடிதம் போட்டது.

அந்த வாரம் மன்றத்தில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாகப் படித்தார். முதலில் முகம் சுளித்தவர்களுக்கும் பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கட்டம் கட்டிப் போட்டிருந்த வரியைப் படித்தார்: “வெள்ளிக் கூஜாவுக்குள்ளிருந்து அம்மா, நாலு மூலையும் சொருகிட்டியா என்று கேட்டாள்.” ஒருவருக்குப் புரையேறியது. அப்பா காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று அறைக்கு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். அப்பாவுக்குப் பெங்காலி பேச வரும், தமிழ் பேச வரும், எதையும் படிக்க வராது. நாவலை நான் அவருக்குப் படித்துக் காட்டியதில்லை.

“அது உங்கம்மா சொன்னதுல்ல?”

“ஆமாப்பா.”

“கூஜான்னு எழுதினியா?”

“இல்ல. அவங்க மாத்திட்டாங்க.”

அப்பா எழுந்து போனார். பொருளாளர் ஊர் திரும்பிச் சாவியை மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். அப்பா யாரையும் கேட்காமல் அதை எடுத்தார். அலமாரியைத் திறந்து வலையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். பிரிந்த நீல ஒட்டை நான் தைத்தேன். அந்த வாரமே சாந்த்ராகாச்சியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கும், பக்கத்திலேயே ஒரு வாடகை அறைக்கும் பேசிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செயற்குழு என்னைக் கூப்பிட்டது. வடை இருந்தது. எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அதற்கு முன்னால் இருந்ததில்லை.

“உக்காரும்மா” என்றார் தலைவர். “நீ ஒண்ணு கேட்டே. நாங்க மறந்துடலை. யோசிச்சுண்டேதான் இருந்தோம். எழுதினவா பேரை அட்டையில போடாதது பெரிய அநியாயம்னு எல்லாருக்கும் மனசை உறுத்தித்து.”

“ராத்திரி தூக்கமே இல்லை” என்றார் பட்டாபிராமன்.

மேஜையில் ஸ்டிக்கர்கள் கத்தையாக இருந்தன. ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்கள். ‘ஆசிரியை: மா. பாகீரதி, பி.ஏ.’ கீழே சின்ன எழுத்தில், ‘இந்நூலின் கருத்துகளுக்கும் பொருளுக்கும் ஆசிரியையே முழுப் பொறுப்பு. மன்றத்துக்குச் சம்பந்தமில்லை.’

“பி.ஏ.வும் போட்டிருக்கோம் பார்” என்றார் தலைவர்.

“பெரிய எழுத்தா போடச் சொன்னது நான்தான்” என்றார் மாமி. “கூஜா மட்டும் எங்காத்து கூஜா இல்லைன்னு ஒரு வரி சேத்துடலாம்னு இவர்கிட்ட சொல்லிண்டிருக்கேன்.”

என் பெயரைப் பார்த்தேன். அச்சில் அதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல எழுத்துரு. பொய் சொல்லக்கூடாது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“பத்திரிகைக்கு ஒரு கடிதாசும் தயார் பண்ணியிருக்கேன்” என்றார் தலைவர். “அனுபவம் இல்லாததால இப்படி ஆயிடுத்து, மன்றம் பெருந்தன்மையா எனக்கு ஒரு சந்தர்ப்பம் குடுத்தது, அதை நான் கெடுத்துண்டேன், அப்படின்னு. நீ கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.”

“இதை எழுதினது யாரு சார்?”

“நான்தான். அதனால என்ன?”

“நீங்களே எழுதினீங்களா? கிளார்க் இல்லையா?”

அவர் முகம் மாறியது. பேனாவை மூடினார், திறந்தார். “பாகீரதி, உங்கப்பாவுக்கு வயசாயிண்டு வரது. அந்த ரூமை மெயின்டெயின் பண்ண மன்றத்துக்கு என்ன செலவாறதுன்னு நீயே டைப் அடிக்கறே. எதுக்குச் சொல்றேன்னா, நீ படிச்ச பொண்ணு. யோசிச்சுப் பதில் சொல்லு. அவசரமில்லை. காபி சாப்ட்டுட்டுச் சொல்லு.”

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். காபி வரவில்லை.

“மாணிக்கம்!” என்று கூப்பிட்டார் மாமி. “மாணிக்கம்! எங்க போனான் இவன்?”

நான் எழுந்தேன். ஸ்டிக்கரைக் கத்தையின் மேலேயே வைத்தேன். “வேணாம் சார்” என்றேன்.

“என்ன வேணாம்? கடிதாசா, பேரா?”

“பேசவும்னு எழுதி வச்சுக்குங்க சார்.”

பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. பட்டாபிராமன் எழுந்து நின்று, அப்படியானால் ஸ்டிக்கரை என்ன செய்வது, அடித்தாகிவிட்டதே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு உபகுழு போடலாம் என்று யாரோ சொன்னது படி இறங்கும்போது காதில் விழுந்தது.

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சட்டையை மாற்றியிருந்தார். மன்றத்தின் சாவிக்கொத்தைப் பெயர்ப்பலகை ஆணியில் மாட்டிவிட்டு, நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தார். அவர் காலடியில் எங்கள் தகரப் பெட்டி. என் தோள்பையில் ஒரு ஃப்ளாப்பி. பட்டாபிராமனின் கட்டளை தொடாத நாவல் அதில் இருந்தது.

“கொசுவலைய எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டார்.

“காலைலயே போயி அங்க கட்டிட்டு வந்துட்டேம்ப்பா.”

“நாலு மூலையும் சொருகிட்டியா?”

“சொருகிட்டேன்.”

அப்பா பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், நான் மறு பக்கத்தைப் பிடித்தேன்.